ஹைப்பர்வைசர் சர்வர்கள்: பூட் ஃபர்ம்வேர் முதல் தானியங்கி நிறுவல் வரை

ஒரே சர்வரில் பல விர்ச்சுவல் மெஷின்களை (மென்பொருளால் உருவாகும் கணினிகளை) ஓட்டும் மென்பொருள்தான் ஹைப்பர்வைசர். ஒரே ஒரு சர்வரில் அதை நிறுவ யூஎஸ்பி டிரைவும் கொஞ்சம் பொறுமையும் போதும். இருபது சர்வர் என்று வந்துவிட்டால் அந்த முறை தாங்காது. நேரம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். கையால் நிறுவிய இருபதில் எங்கோ இரண்டில் ஓர் அமைப்பு மாறிப்போயிருக்கும். விர்ச்சுவல் மெஷின் ஒன்றை ஒரு ஹோஸ்டிலிருந்து (ஹைப்பர்வைசர் ஓடும் சர்வரிலிருந்து) இன்னொன்றுக்கு நகர்த்தும்போதோ, ஏதாவது கார்டை அதற்கு நேரடியாகக் கொடுக்கும் பாஸ்த்ரூவைச் செய்யும்போதோதான் அது வெளியே வரும். அதனால்தான் தானியங்கி நிறுவல்.

புதிதாக இதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் நேராகப் பதில் கோப்பை, அதாவது நிறுவல் நிரல் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்லும் கோப்பை, எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். அங்கே தொடங்க வேண்டாம். இந்த நிறுவல் நிரல் யாரையும் கேட்காமல் ஒரு டிஸ்கை அழித்து அதன்மேல் எழுதப்போகிறது. எந்த சர்வரில், எந்த டிஸ்கில், எப்போது என்ற மூன்று கேள்விகளுக்கும் நீங்கள் முன்கூட்டியே பதில் சொல்லியிருக்க வேண்டும். பதில் கோப்பு சொல்வது இரண்டாவது கேள்விக்கான பதிலை மட்டும்தான். மற்ற இரண்டும் ஃபர்ம்வேரிலும் (ஹார்ட்வேருக்குள்ளேயே இருக்கும் மென்பொருளிலும்) நெட்வொர்க்கிலும் முடிவாகின்றன. கீழே உள்ள படிகளின் வரிசைக்கும் அதுதான் காரணம்.

படி 1: பட்டியல் எடுங்கள்

ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு வரி. அதில் சீரியல் எண், பிஎம்சியின் (சர்வரைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் சிறு கணினி, படி 2-இல் வரும்) முகவரி, நிறுவலுக்குப் பயன்படும் நெட்வொர்க் போர்ட்டின் மேக் முகவரி, பூட் டிஸ்குகளின் சீரியல் எண்கள், வைக்கப்போகும் பெயர், ஐபி முகவரி ஆகியவை இருந்தால் போதும். மேக் முகவரிகளையும் டிஸ்க் விவரங்களையும் பிஎம்சியின் இணையப் பக்கத்திலேயே பார்க்கலாம், ரேக் பக்கம் போக வேண்டியதில்லை.

அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்க்க முடியாது. நிறுவல் கோப்புகளைக் கொடுக்கும் நிறுவல் சர்வருக்கு, எதிரில் வந்து நிற்பது யார் என்று தெரிய மேக் முகவரியும் (நெட்வொர்க் போர்ட்டுக்கே உரிய எண்) சீரியல் எண்ணும்தான் எளிய வழி. பட்டியலில் இல்லாத மேக் முகவரி வந்தால் எதுவும் நிறுவாமல் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதை இப்போதே விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பிஎம்சியை ஒழுங்குபடுத்துங்கள்

பிஎம்சி என்பது சர்வர் மதர்போர்டில் தனியாக ஓடும் ஒரு சிறு கணினி. சர்வர் அணைந்திருந்தாலும் மின்இணைப்பு இருக்கும்வரை இது விழித்திருக்கும். டெல்லில் ஐடிராக், எச்பிஇயில் ஐஎல்ஓ, லெனோவோவில் எக்ஸ்கிளாரிட்டி கன்ட்ரோலர் என்று பெயர்கள் மாறினாலும் வேலை ஒன்றுதான். பவரை அணைத்துப் போடலாம், திரையைத் தொலைவிலிருந்து பார்க்கலாம், அடுத்த முறை எதிலிருந்து பூட் ஆக வேண்டும் என்று சொல்லலாம்.

இதனுடன் பேச இரண்டு மொழிகள் உண்டு. 1998-இல் வந்த ஐபிஎம்ஐ பழையது. டிஎம்டிஎஃப் அமைப்பு 2015-இல் வெளியிட்ட ரெட்ஃபிஷ் புதியது. ரெட்ஃபிஷ் எச்டிடிபிஎஸ் வழியாக ஜேசன் தரவைப் பரிமாறுவதால் எந்த ஸ்கிரிப்ட் மொழியிலும் எளிதாகப் பயன்படுத்தலாம். உங்கள் சர்வரில் ரெட்ஃபிஷ் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்; ஐபிஎம்ஐயை நெட்வொர்க் வழியாக அணுகும் வசதியை அணைத்துவிடுங்கள். ஐபிஎம்ஐ 2.0-இன் அங்கீகார முறையிலேயே ஒரு குறை இருக்கிறது. சரியான பயனர் பெயரைத் தெரிந்த எவர் கேட்டாலும், கடவுச்சொல்லின் ஹேஷை (அதிலிருந்து கணக்கிட்ட குறியீட்டை) பிஎம்சி கொடுத்துவிடும். ஹேஷ் கையில் கிடைத்தால் வெளியே வைத்து நிதானமாக உடைக்கலாம். நெறிமுறையிலேயே உள்ள குறை என்பதால் பேட்ச் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது.

பிஎம்சிகள் எல்லாம் தனி விலேனில் (மற்ற நெட்வொர்க்கிலிருந்து பிரித்த பகுதியில்) இருக்கட்டும். தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அப்புறம் நேரம்: பிஎம்சியிலும் சர்வரின் கடிகாரத்திலும் நேரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கடிகாரம் சில வருடம் பின்னால் இருந்தால், நிறுவல் நிரல் எச்டிடிபிஎஸ் வழியாகக் கோப்பை எடுக்கப் போகும்போது சான்றிதழ் செல்லாது என்று நின்றுவிடும். பிழைச் செய்தி நெட்வொர்க்கைக் குறை சொல்வதுபோல் இருக்கும், காரணம் கடிகாரமாக இருக்கும்.

படி 3: ஃபர்ம்வேர் பதிப்புகளை ஒன்றாக்குங்கள்

நிறுவலுக்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. இப்போது சர்வரில் ஒரு விர்ச்சுவல் மெஷினும் இல்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் ரீபூட் செய்யலாம். முதலில் பிஎம்சி ஃபர்ம்வேர், பிறகு சிஸ்டம் ஃபர்ம்வேர், அதன்பின் நெட்வொர்க் கார்டு, டிஸ்க் கன்ட்ரோலர் என்ற வரிசை பெரும்பாலும் சரிப்பட்டு வரும். பதிப்புக் குறிப்பில் வேறு வரிசை சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். மிகப் பழைய பதிப்பிலிருந்து நேராகப் புதியதற்குத் தாவ முடியாமல் இடையில் ஒரு பதிப்பில் நின்று போக வேண்டிய மாடல்களும் உண்டு. சில புதுப்பிப்புகளைப் போட்டால் பழையதற்குத் திரும்ப முடியாது. குறிப்பைப் படிக்காமல் கை வைக்காதீர்கள்.

ஒரே பதிப்பு ஏன் முக்கியம்? சிஸ்டம் ஃபர்ம்வேருக்குள் பிராசசரின் உள் நிரலான மைக்ரோகோடும் வருகிறது. மைக்ரோகோடு மாறினால் பிராசசர் வெளியே காட்டும் வசதிகளின் பட்டியலும் மாறலாம். இன்டெல்லின் டிஎஸ்எக்ஸ் வசதி பல பிராசசர்களில் இப்படித்தான் மைக்ரோகோடு வழியாக முடக்கப்பட்டது. ஒரு ஹோஸ்டில் அந்த வசதி இருந்து இன்னொன்றில் இல்லையென்றால், ஹோஸ்டின் பிராசசரை அப்படியே காட்டும்படி அமைத்த விர்ச்சுவல் மெஷினை ஓடும்போதே நகர்த்த முடியாமல் போகும். இரண்டும் ஒரே மாடல் பிராசசர்தானே என்று நீங்கள் குழம்பிக்கொண்டிருப்பீர்கள்.

படி 4: ஃபர்ம்வேர் அமைப்புகள்

இனி பூட் செய்யப் புதிய முறையான யூஇஎஃப்ஐ மட்டும்தான் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பழைய பயாஸ் முறையை ஒத்துப்போக வைக்கும் சிஎஸ்எம் என்ற அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். பயாஸ் முறை நம்பியிருக்கும் எம்பிஆர் பகிர்வு அட்டவணை, வழக்கமான 512 பைட் செக்டரில் 2 டெராபைட்டுக்கு மேல் கணக்கு வைக்காது. விஎம்வேரும் தன் ஹைப்பர்வைசரான ஈஎஸ்எக்ஸ்ஐயில் பழைய பயாஸ் முறையைக் கைவிடும் பாதையில் இருக்கிறது. இதைவிடப் பெரிய ஆபத்து, இரண்டு முறைகளும் கலந்து கிடப்பது. பயாஸ் முறையில் நிறுவிய சர்வர், ஃபர்ம்வேர் யூஇஎஃப்ஐக்கு மாறியதும் பூட் ஆகவே ஆகாது. டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும், ஃபர்ம்வேர் தேடும் இடத்தில் பூட் லோடர் (சிஸ்டத்தை எழுப்பும் நிரல்) இருக்காது.

அடுத்து மெய்நிகராக்க வசதிகள். இன்டெல்லில் விடி-எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம் என்று எழுதியிருக்கும். இது இல்லாமல் லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம் ஓடாது. இதோடு நின்றுவிடுபவர்கள் பலர். விடி-டி அல்லது ஐஓஎம்எம்யூ என்பது தனி அமைப்பு. பிசிஐ கார்டை விர்ச்சுவல் மெஷினுக்கு நேரடியாகக் கொடுக்க இது தேவை. நெட்வொர்க் கார்டைப் பல துண்டுகளாகப் பகிர எஸ்ஆர்-ஐஓவி, பெரிய நினைவகம் கொண்ட ஜிபியூவுக்கு 4 ஜிபிக்கு மேலான முகவரி ஒதுக்கீடு என்று இன்னும் இரண்டு உண்டு. இப்போது தேவைப்படாவிட்டாலும் எல்லா சர்வரிலும் இயக்கி வையுங்கள். பின்னால் மாற்ற வேண்டுமானால் ஓடிக்கொண்டிருக்கும் ஹோஸ்டைக் காலி செய்து ரீபூட் செய்ய வேண்டியிருக்கும்.

டிஸ்க் கன்ட்ரோலர் பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு முறையில் ஓட வேண்டுமா, டிஸ்குகளை அப்படியே காட்ட வேண்டுமா என்பதை நிறுவலுக்கு முன் தீர்மானியுங்கள். டிஸ்குகளைத் தாமே நிர்வகிக்கும் சேமிப்பக முறைகளான இசட்எஃப்எஸ், செஃப் இரண்டுக்கும் டிஸ்குகள் நேரடியாகத் தெரிய வேண்டும். நிறுவியபின் இந்த முறையை மாற்றினால் டிஸ்குகளே வேறு பெயரில் வரும், சில கன்ட்ரோலர்களில் தரவும் போய்விடும்.

பவர் அமைப்பைச் சிக்கன முறையில் விட்டுவைக்காதீர்கள். செயல்திறன் முறையிலோ, ஆபரேட்டிங் சிஸ்டமே தீர்மானிக்கும் முறையிலோ வையுங்கள். நியூமா நோடுகளை (பிராசசரும் அதன் பக்கத்து நினைவகமும் சேர்ந்த பகுதிகளை) கலந்து ஒன்றாகக் காட்டும் அமைப்பு அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எந்த நினைவகம் எந்த பிராசசருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று ஹைப்பர்வைசருக்குத் தெரியாது. மின்சாரம் போய்த் திரும்பினால் சர்வர் தானே எழுமா என்பதையும், சிறு பிழை கண்டால் விசை அழுத்தச் சொல்லிக் காத்திருக்குமா என்பதையும் பாருங்கள். இந்த இரண்டாவதை அணைக்க மறந்தால், மனிதர் இல்லாத அறையில் ஒரு சர்வர் எஃப்1 விசைக்காக இரவெல்லாம் காத்திருக்கும்.

கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட் குறித்துப் பலர் தயங்குகிறார்கள். என் கருத்து: புதிய சர்வர் என்றால் ஆரம்பத்திலேயே இயக்கிவிடுங்கள். லினக்ஸ் அடிப்படையிலான ஹைப்பர்வைசரான ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1 முதல் இதை ஆதரிக்கிறது. ஈஎஸ்எக்ஸ்ஐயும் முக்கிய லினக்ஸ் விநியோகங்களும் முன்பிருந்தே ஆதரிக்கின்றன. ஆனால் இதனால் நிறுவல் முறையில் சில மாற்றங்கள் வரும். ஈஎஸ்எக்ஸ்ஐயின் பதில் கோப்பான கிக்ஸ்டார்ட்டில் முதல் பூட்டில் ஓட வேண்டிய பகுதி ஒன்று எழுதலாம். செக்யூர் பூட் இயங்கினால் அந்தப் பகுதி ஓடாது. கையொப்பமில்லாத கெர்னல் மாட்யூலும் ஏறாது. இதெல்லாம் தெரிந்துகொண்டு தொடங்கினால் சிக்கல் இல்லை.

செக்யூர் பூட்டில் இப்போது கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. லினக்ஸ் பூட் லோடர்கள் நம்பியிருக்கும் மைக்ரோசாஃப்டின் 2011-ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் 2026-இல் காலாவதியாகின்றன. அவற்றுக்குப் பதிலாக 2023-ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் வந்துள்ளன. ஏற்கெனவே கையொப்பமிட்ட லோடர்கள் தொடர்ந்து பூட் ஆகும். புதிய சான்றிதழால் மட்டும் கையொப்பமிட்டு வரும் லோடரை, அந்தச் சான்றிதழ் இல்லாத பழைய ஃபர்ம்வேர் ஏற்காது. படி 3-இல் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு சர்வரில் எல்லாம் சரியாக அமைந்ததும் அந்த அமைப்புகளை ரெட்ஃபிஷ் வழியாகக் கோப்பாக எடுத்து, கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் போட்டு வையுங்கள். அதே கோப்பை மற்றவற்றில் ஏற்றலாம். ஏற்றிய மாற்றங்கள் முதலில் காத்திருப்பு நிலையில்தான் இருக்கும், அடுத்த ரீபூட்டில்தான் நடைமுறைக்கு வரும். அமைப்புகளின் பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம், ஒரே நிறுவனத்தில் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகின்றன. மாடலுக்கு ஒரு கோப்பு என்று வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

படி 5: பூட் வரிசையைப் புரிந்துகொள்ளுங்கள்

மூன்றாவது கேள்வியான ‘எப்போது’ என்பதற்கான பதில் இங்கே இருக்கிறது.

யூஇஎஃப்ஐ சர்வரில் பூட் பதிவுகள் மதர்போர்டின் என்விராம் நினைவகத்தில் இருக்கும். ஒவ்வொரு பதிவும் ஓர் எண்ணும், எந்த டிஸ்கின் எந்தப் பகிர்வில் எந்தக் கோப்பு என்ற பாதையும் கொண்டது. இவற்றை எந்த வரிசையில் முயல வேண்டும் என்பது தனியாகப் பதிந்திருக்கும். அதற்கு மேலே ‘அடுத்த முறை மட்டும் இது’ என்று ஒரு பதிவைக் குறிக்கவும் இடம் உண்டு. ஒருமுறை பயன்பட்டதும் அது தானே அழிந்துவிடும். லினக்ஸில் இவற்றைப் பார்க்கவும் மாற்றவும் எஃபிபூட்எம்ஜிஆர் என்ற கருவி இருக்கிறது. பூட் லோடர் கோப்புகள் இருப்பது இஎஸ்பி என்ற சிறு பகிர்வில், ஃபேட் கோப்பு முறைமையில். என்விராம் பதிவுகள் எல்லாம் அழிந்துபோனாலும், டிஸ்கின் இஎஃப்ஐ கோப்புறைக்குள் பூட் என்ற கோப்புறையில் பூட்எக்ஸ்64 என்ற கோப்பு இருந்தால் ஃபர்ம்வேர் அதை எடுத்துக்கொள்ளும். மதர்போர்டை மாற்றும் நாளில் உங்களைக் காப்பாற்றப்போவது இந்த மாற்றுப் பாதைதான். நிறுவியபின் அங்கே கோப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தானியங்கி நிறுவலில் இரண்டு வழிகள் நடைமுறையில் உள்ளன. ஒன்று, நெட்வொர்க்கை நிரந்தரமாக முதலிடத்தில் வைத்து, டிஸ்கிலிருந்து பூட் ஆவதா புதிதாக நிறுவுவதா என்பதை நிறுவல் சர்வர் ஒவ்வொரு முறையும் முடிவு செய்வது. இரண்டு, டிஸ்கை நிரந்தரமாக முதலிடத்தில் வைத்து, நிறுவ வேண்டிய நாளில் மட்டும் பிஎம்சி வழியாக ‘ஒருமுறை நெட்வொர்க்’ என்று சொல்வது.

புதியவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். முதல் வழியில் நிறுவல் சர்வரில் ஒரு வரி தவறாக இருந்தால், மின்தடைக்குப்பின் எழும் ஒவ்வொரு ஹோஸ்டும் தன்னைத்தானே அழித்து நிறுவிக்கொள்ளும். நிறுவி முடித்து ரீபூட் ஆனதும் மறுபடி நெட்வொர்க்குக்குப் போய், மறுபடி நிறுவி, இப்படியே சுற்றிக்கொண்டிருப்பதும் நடக்கும். இரண்டாவது வழியில் அழிப்பதற்கு ஒரு தனிக் கட்டளை வேண்டும். யாரும் கேட்காமல் அது நிகழாது.

ரெட்ஃபிஷில் இதற்கு மூன்று மதிப்புகளை அனுப்ப வேண்டும். பூட் ஆக வேண்டிய இடம் பிஎக்ஸ்இ அல்லது யூஇஎஃப்ஐ எச்டிடிபி (நெட்வொர்க் பூட்டின் இரு முறைகள், படி 6-இல் வரும்), செல்லுபடி ஒருமுறை, முறை யூஇஎஃப்ஐ. மூன்றாவதை விட்டுவிட்டால் சில மாடல்கள் பழைய பயாஸ் முறையில் நெட்வொர்க் பூட்டுக்குப் போகும். ஐபிஎம்ஐதான் கையில் இருக்கிறது என்றாலும் இதே கவனம் வேண்டும். யூஇஎஃப்ஐ பூட் என்ற விருப்பத்தைக் கூடவே குறிப்பிடுங்கள். ஐபிஎம்ஐயில் இன்னொரு நுணுக்கம்: பூட் கட்டளை கொடுத்து 60 விநாடிக்குள் பவர் கட்டளை வராவிட்டால் அந்த பூட் கட்டளை காலாவதியாகிவிடலாம் என்று விதிமுறையே சொல்கிறது. முதலில் எல்லா சர்வருக்கும் பூட் கட்டளை, அப்புறம் எல்லாவற்றுக்கும் ரீபூட் என்று ஸ்கிரிப்ட் எழுதினால் முதல் சில சர்வர்கள் டிஸ்கிலிருந்தே எழுந்துவிடும். ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டையும் அடுத்தடுத்து அனுப்புங்கள்.

படி 6: நெட்வொர்க் பூட்

சர்வர் எழுந்ததும் டிஎச்சிபி வழியாக ஐபி முகவரி கேட்கும். கூடவே தான் எந்த வகை என்றும் சொல்லும். இந்த விவரம் 93-ஆம் எண் விருப்பத்தில் வரும்: 0 என்றால் பழைய பயாஸ், 7 என்றால் 64-பிட் யூஇஎஃப்ஐ, 16 என்றால் எச்டிடிபி வழியாக பூட் ஆகும் 64-பிட் யூஇஎஃப்ஐ. டிஎச்சிபி சர்வர் இந்த எண்ணைப் பார்த்து ஏற்ற கோப்பைக் கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே கோப்பு என்று அமைத்தால் பாதி சர்வர்கள் கோப்பை வாங்கிவிட்டு அசையாமல் நிற்கும்.

பிஎக்ஸ்இ முறையில் கோப்பு டிஎஃப்டிபி வழியாக வருகிறது. யூடிபி 69-ஆம் போர்ட்டில் தொடங்கி, இயல்பாக 512 பைட் துண்டுகளாக, ஒவ்வொன்றும் வந்து சேர்ந்ததாகப் பதில் வந்தபிறகே அடுத்தது. சிறிய பூட் லோடருக்கு இது போதும். பெரிய நிறுவல் இமேஜை இப்படி இழுத்தால் நெடுநேரம் ஆகும். அதனால் சிறிய லோடர் ஒன்றை மட்டும் டிஎஃப்டிபியில் எடுத்து, மீதியை எச்டிடிபியில் எடுப்பது வழக்கம். ஐபிஎக்ஸ்இ என்ற லோடர் இதற்குப் பேர்போனது. அதைப் பயன்படுத்தினால் டிஎச்சிபியில் ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும்: கேட்பது ஃபர்ம்வேரா, ஏற்கெனவே ஏறிய ஐபிஎக்ஸ்இயா என்று பார்த்து, பின்னதற்கு ஸ்கிரிப்ட்டின் முகவரியைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஐபிஎக்ஸ்இ தன்னையே திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கும். செக்யூர் பூட் இயங்கும்போது நீங்களே தொகுத்த ஐபிஎக்ஸ்இ ஏறாது என்பதும் நினைவிருக்கட்டும். விநியோகம் தரும் கையொப்பமிட்ட ஷிம், கிரப் என்ற லோடர்கள் இரண்டையும் வைத்து பூட் செய்வது அங்கே எளிய வழி.

யூஇஎஃப்ஐ 2.5 பதிப்பிலிருந்து எச்டிடிபி பூட் என்ற வசதி இருக்கிறது. உங்கள் சர்வர்கள் புதியவை என்றால் டிஎஃப்டிபியை முற்றிலும் விட்டுவிடலாம். இதில் டிஎச்சிபி பதிலின் 60-ஆம் விருப்பத்தில் எச்டிடிபிகிளையன்ட் என்ற சொல் திரும்பி வர வேண்டும். அது இல்லாத பதிலை ஃபர்ம்வேர் கண்டுகொள்ளாது.

கோப்புகள் எல்லாம் சரியாக இருந்தும் நெட்வொர்க் பூட் நடக்கவில்லையென்றால் சுவிட்ச் பக்கம் பாருங்கள். நெட்வொர்க்கில் சுழற்சி வராமல் காக்கும் ஸ்பானிங் ட்ரீ, போர்ட்டைத் திறக்க எடுத்துக்கொள்ளும் நேரத்துக்குள் ஃபர்ம்வேர் டிஎச்சிபி கேட்டுக் களைத்துப்போயிருக்கும். சர்வர் போர்ட்டுகளில், உடனே திறக்கச் செய்யும் போர்ட்ஃபாஸ்ட் போன்ற அமைப்பு வேண்டும். இரண்டு போர்ட்டுகளை எல்ஏசிபி மூலம் சேர்த்திருந்தால், ஃபர்ம்வேருக்கு எல்ஏசிபி பேசத் தெரியாததால் சுவிட்ச் இரண்டையும் மூடி வைத்திருக்கலாம். எல்ஏசிபி வராவிட்டாலும் ஒரு போர்ட்டைத் திறந்து வைக்கும் ஃபால்பேக் அமைப்பு பல சுவிட்சுகளில் உண்டு. நிறுவல் விலேன் அந்தப் போர்ட்டில் டேக் இல்லாமல் வர வேண்டும். நிறுவல் சர்வர் வேறு சப்நெட்டில் இருந்தால் ரவுட்டரில் டிஎச்சிபி ரிலே வேண்டும். நான் பார்த்தவரை நெட்வொர்க் பூட் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த நான்குக்குள் அடங்கிவிடும்.

படி 7: பதில் கோப்பு

எந்த ஹைப்பர்வைசர் என்பதைப் பொறுத்து வடிவம் மாறும். ஈஎஸ்எக்ஸ்ஐக்கும் ரெட்ஹேட் குடும்பத்துக்கும் கிக்ஸ்டார்ட், டெபியனுக்கு பிரீசீட், உபுண்டு சர்வருக்கு 20.04 முதல் யாமல் வடிவில் ஆட்டோஇன்ஸ்டால். ப்ராக்ஸ்மாக்ஸுக்கு 2024 ஏப்ரலில் வந்த 8.2 பதிப்பு முதல் டாமல் வடிவில் பதில் கோப்பு உண்டு. ப்ராக்ஸ்மாக்ஸின் முறை புதியவர்களுக்கு வசதியானது. ஐஎஸ்ஓவுக்குள்ளேயே கோப்பைப் பதித்துவிடலாம், அல்லது எச்டிடிபி முகவரியில் கேட்கச் சொல்லலாம். எச்டிடிபி முறையில் சர்வர் தன் மேக் முகவரி, சீரியல் எண் போன்ற விவரங்களை ஜேசனாக அனுப்பிக் கேட்கும். நீங்கள் படி 1-இல் செய்த பட்டியலைப் பார்த்து அந்த சர்வருக்கான பதிலை உருவாக்கித் தரலாம். பட்டியலில் இல்லையென்றால் பிழை. எழுதிய கோப்பில் தவறு இருக்கிறதா என்று சோதிக்கும் கருவியும் கூடவே வருகிறது.

கோப்பில் மிகவும் யோசிக்க வேண்டிய பகுதி டிஸ்க். எஸ்டிஏ, எஸ்டிபி என்று லினக்ஸ் வைக்கும் பெயர்கள் டிஸ்குகள் கண்ணில் படும் வரிசையைப் பொறுத்தவை. அடுத்த ரீபூட்டில் மாறலாம். யூஎஸ்பி டிரைவ் ஒன்று செருகியிருந்தாலோ, பிஎம்சி ஒரு விர்ச்சுவல் டிரைவைக் காட்டினாலோ எஸ்டிஏ என்பது வேறு ஒன்றாகிவிடும். சீரியல் எண், மாடல் பெயர், அல்லது கன்ட்ரோலரில் எந்த இடம் என்பதை வைத்து டிஸ்கைக் குறிப்பிடுங்கள். ப்ராக்ஸ்மாக்ஸில் இதற்கு வடிகட்டி எழுதலாம், உபுண்டுவில் சீரியலையோ அளவையோ பொருத்தச் சொல்லலாம்.

ஈஎஸ்எக்ஸ்ஐயில் ‘முதல் டிஸ்க்’ என்று மட்டும் சொல்லிவிட்டால், உள்ளே இருக்கும் டிஸ்கை முதலில் பார்க்கும். அது இல்லையென்றால் நெட்வொர்க் சேமிப்பகத்துக்குப் போகும். டிஸ்க் கன்ட்ரோலர் ஒருநாள் எழவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், நிறுவல் நிரல் எல்லோரும் பகிரும் எஸ்ஏஎன் சேமிப்பகத்தின்மேல் எழுதத் தொடங்கலாம். உள்ளூர் டிஸ்க் மட்டும் என்று வெளிப்படையாக எழுதுங்கள். ரெட்ஹேட் கிக்ஸ்டார்ட்டிலும் எல்லாப் பகிர்வுகளையும் அழிக்கச் சொல்லும் வரியை, இந்த டிஸ்கை மட்டும் தொடு என்ற வரி இல்லாமல் எழுதாதீர்கள். இதெல்லாம் போக, மறுநிறுவல் செய்யும்போது எஸ்ஏஎன் பக்கத்தில் அந்த சர்வருக்கான அனுமதியைத் தற்காலிகமாக எடுத்துவிடுவது நல்ல பழக்கம். கண்ணில் படாத டிஸ்கை யாரும் அழிக்க முடியாது. செஃப் ஓடும் ஹோஸ்டில் தரவு டிஸ்குகள் பூட் டிஸ்குகளிலிருந்து மாடலிலோ அளவிலோ வேறுபட்டிருந்தால் வடிகட்டி எழுதுவது எளிதாகிறது. வாங்கும்போதே இதை மனதில் வையுங்கள்.

உபுண்டுவில் ஒரு நல்ல பாதுகாப்பு இருக்கிறது. கெர்னல் வரியில் ஆட்டோஇன்ஸ்டால் என்ற சொல் இல்லாவிட்டால், பதில் கோப்பு கிடைத்தாலும் டிஸ்கை அழிக்கும்முன் ஒருமுறை கேட்கும். சோதனைக் காலத்தில் அந்தச் சொல்லைச் சேர்க்காமலேயே ஓட்டுங்கள்.

நெட்வொர்க் பகுதியிலும் இதே மாதிரிதான். கார்டின் பெயர் பிசிஐ வரிசையிலிருந்து பிறப்பதால், புதிதாக ஒரு கார்டைச் செருகினாலோ ஃபர்ம்வேரைப் புதுப்பித்தாலோ அது மாறக்கூடும். மேக் முகவரியை வைத்துக் குறிப்பிடுங்கள். நிறுவியபின்னும், மேக் முகவரியோடு ஒரு பெயரைப் பிணைத்து வைத்தால், ஒரு புதுப்பிப்புக்குப்பின் ஹோஸ்ட் நெட்வொர்க் இல்லாமல் எழும் தொல்லை வராது.

கடவுச்சொல்லை வெறும் எழுத்தாகக் கோப்பில் போடாதீர்கள். அந்தக் கோப்பு நெட்வொர்க்கில் கேட்பவருக்கெல்லாம் கிடைக்கப்போகிறது. ஹேஷாகப் போடுங்கள், எஸ்எஸ்எச் பொதுச்சாவியைச் சேருங்கள், நிறுவல் முடிந்ததும் ஆன்சிபிள் என்ற தானியங்கிக் கருவி மூலம் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். பொதுவாகவே பதில் கோப்பு குட்டையாக இருக்கட்டும். டிஸ்க், நெட்வொர்க், சாவி, நேரம், பெயர் இவ்வளவு போதும். கிளஸ்டரில் (ஒன்றாக இயங்கும் ஹோஸ்டுகளின் தொகுப்பில்) சேர்ப்பது, சேமிப்பகம் இணைப்பது, கண்காணிப்பு போடுவது எல்லாம் நிறுவல் முடிந்தபின் ஆன்சிபிள் போன்ற கருவியின் வேலை. நிறுவலுக்குள் திணித்தால், பாதியில் பிழை வரும்போது எங்கே நின்றது என்று கண்டுபிடிக்கவே அரைநாள் ஆகும்.

படி 8: விர்ச்சுவல் மெஷினில் ஒத்திகை

உண்மையான சர்வரைத் தொடுமுன், விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருளான க்யூஎம்யூவில் ஓவிஎம்எஃப் ஃபர்ம்வேருடன் ஒரு விர்ச்சுவல் மெஷின் உருவாக்குங்கள். ஓவிஎம்எஃப் என்பது விர்ச்சுவல் மெஷினுக்கான யூஇஎஃப்ஐ. என்விராம், செக்யூர் பூட், நெட்வொர்க் பூட் எல்லாம் இதிலும் உண்டு. அதற்கு ஐந்தாறு டிஸ்குகள் கொடுங்கள், சீரியல் எண்களை நீங்களே வையுங்கள். தவறான டிஸ்கில் ஒரு சிறு கோப்பு எழுதி வைத்து, நிறுவல் முடிந்தபின் அது இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்குகளின் வரிசையை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். பூட் டிஸ்கையே எடுத்துவிட்டு ஓட்டுங்கள். அப்போது நிறுவல் பிழை காட்டி நிற்க வேண்டும், வேறு டிஸ்கைத் தேடிப் போகக் கூடாது. பட்டியலில் இல்லாத மேக் முகவரியுடனும் ஒருமுறை.

படி 9: ஒரு சர்வர், பிறகு மற்றவை

இப்போது உண்மையான சர்வர் ஒன்று. பிஎம்சி திரையைத் திறந்து வைத்துக்கொண்டு முழுதும் பாருங்கள். முடிந்து எழுந்ததும் சரிபார்க்க வேண்டியவை:

• சிஸ் கோப்புறைக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் இஎஃப்ஐ என்ற கோப்புறை இருந்தால் யூஇஎஃப்ஐ முறையில்தான் பூட் ஆகியிருக்கிறது.
• மோக்யூட்டில் என்ற கருவி செக்யூர் பூட் இயங்குவதாகச் சொல்ல வேண்டும்.
• டெவ் கோப்புறையில் கேவிஎம் இருக்க வேண்டும். ஐஓஎம்எம்யூ குழுக்கள் காலியாக இருக்கக் கூடாது.
• எஃபிபூட்எம்ஜிஆர் காட்டும் வரிசையில் டிஸ்க் முதலில் இருக்க வேண்டும்.
• இரண்டு பூட் டிஸ்குகள் என்றால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு பூட் ஆகிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதைத் தவிர்க்காதீர்கள். தரவு இரண்டு டிஸ்கிலும் இருப்பதால் பூட்டும் ஆகும் என்று நம்பிவிடுகிறோம். இஎஸ்பி பகிர்வு ஃபேட் முறைமையில் இருப்பதால் தரவை இரண்டு டிஸ்கிலும் எழுதும் இசட்எஃப்எஸ் மிரர் அதைத் தொடுவதில்லை. ப்ராக்ஸ்மாக்ஸில் ப்ராக்ஸ்மாக்ஸ்-பூட்-டூல் என்ற கருவிதான் ஒவ்வொரு டிஸ்கின் இஎஸ்பிக்கும் கெர்னலைப் பிரதி எடுக்கிறது. அதன் நிலையைக் கேட்டால் இரண்டு டிஸ்குகளும் தெரிய வேண்டும். வேறு விநியோகம் என்றால் இந்தப் பிரதிக்கு நீங்களே வழி செய்ய வேண்டும்.

இவை எல்லாம் தேறியபின் இரண்டு மூன்று சர்வர்கள், அப்புறம் மீதி.

நிறுவியபின் வரும் வேலைகள்

இசட்எஃப்எஸ் மிரரில் ஒரு பூட் டிஸ்க் பழுதானால் வெறுமனே புதிய டிஸ்கைச் சேர்த்தால் போதாது. நல்ல டிஸ்கின் பகிர்வு அட்டவணையைப் புதிய டிஸ்குக்குப் பிரதி எடுங்கள், அதன் அடையாள எண்களைப் புதிதாக உருவாக்குங்கள், பிறகு தரவுப் பகிர்வை மட்டும் இசட்பூலில் (இசட்எஃப்எஸின் டிஸ்க் தொகுப்பில்) மாற்றுங்கள், கடைசியாக ப்ராக்ஸ்மாக்ஸ்-பூட்-டூல் கொண்டு புதிய இஎஸ்பியை வடிவமைத்துச் சேருங்கள். பிரதி எடுக்கும் திசையை இரண்டு முறை பாருங்கள். மூலமும் இலக்கும் மாறினால் நல்ல டிஸ்கின் அட்டவணை போய்விடும். கடைசி வேலையை விட்டுவிட்டால் மிரர் நலமாகவே காட்டும், பழைய டிஸ்கும் பழுதாகும் நாளில்தான் சர்வர் எழாது.

ஃபர்ம்வேர் புதுப்பிப்பு ஒவ்வொரு ஹோஸ்டாக நடக்க வேண்டும். விர்ச்சுவல் மெஷின்களை வேறு ஹோஸ்டுக்கு நகர்த்துங்கள், புதுப்பியுங்கள், ரீபூட் செய்யுங்கள், கிளஸ்டரில் சேர்ந்துவிட்டதா, சேமிப்பகம் ஒத்திசைந்துவிட்டதா என்று பாருங்கள். அதன்பிறகே அடுத்தது. மூன்று நோடுகள் உள்ள கிளஸ்டரில் எப்போதும் இரண்டு உயிரோடு இருந்தால்தான் பெரும்பான்மை கிடைக்கும். பாதி ஹோஸ்டுகள் புதிய மைக்ரோகோடிலும் பாதி பழையதிலும் இருக்கும் இடைக்காலத்தில் நகர்த்தல் தோற்காமல் இருக்க, விர்ச்சுவல் மெஷின்களுக்கு ஹோஸ்ட் வகைக்குப் பதிலாக எல்லா ஹோஸ்டுகளுக்கும் பொதுவான பிராசசர் வகையை வைத்திருங்கள். ப்ராக்ஸ்மாக்ஸில் எக்ஸ்86-64-வி2-ஏஇஎஸ் அப்படி ஒன்று. விஎம்வேரில் இந்த வேலையை இவிசி செய்கிறது.

புதுப்பித்ததும் ஃபர்ம்வேர் அமைப்புகளை மறுபடி எடுத்து, கிட்டில் உள்ள கோப்போடு ஒப்பிடுங்கள். சில புதுப்பிப்புகள் அமைப்புகளை இயல்புநிலைக்குக் கொண்டுபோய்விடும், மதர்போர்டின் சிறு பேட்டரியை மாற்றினாலும் அப்படி ஆகலாம். புதிதாகச் சேர்ந்த அமைப்புகள் இருந்தால் அவற்றுக்கும் ஒரு மதிப்பைத் தீர்மானித்துக் கோப்பில் சேருங்கள். மதர்போர்டு மாறிய சர்வருக்கு மேக் முகவரியும் மாறியிருக்கலாம்; பட்டியலில் அந்த வரியைத் திருத்தாமல் அடுத்த நிறுவலுக்குப் போகாதீர்கள்.